ஒலியின் விசுவாசம்

1

நல்ல ஒலி வேண்டும் என்று ஒருவன் ஆசைப்படுவது ரசனை சம்பந்தப்பட்ட விஷயமா, ஒழுக்கம் சம்பந்தப்பட்ட விஷயமா? கேள்வியே அபத்தமாகத் தோன்றலாம். சில வருஷங்களுக்கு முன்பு யாராவது கேட்டிருந்தால் எனக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும். இப்போது தோன்றவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கொல்லிமலையில், திருப்புலி நாட்டில், ஒரு ஓட்டு வீட்டில் வாடகைக்கு இருக்கிறேன். மேஜை மேல் சிகரெட் பெட்டி அளவில் ஒரு கருவி. கணினியிலோ கைப்பேசியிலோ எண்களாகக் கிடக்கும் சங்கீதத்தை வாங்கி, காதுக்கு எட்டும் மின் அலையாக மாற்றிக் கொடுப்பது அதன் வேலை. டிஜிட்டல்-அனலாக் மாற்றி என்பார்கள். இந்தப் பெட்டியிடமிருந்து உச்சமான ஒலியை எப்படிப் பெறுவது என்று ஒரு மழைக்காலம் முழுவதும் மண்டையை உடைத்துக்கொண்டேன். சொன்னபோது நண்பர்கள் இரண்டு விதமாகப் பேசினார்கள். "மலைக்குப் போயும் உனக்கு யந்திரம்தானா?" என்றார் ஒருவர். "என்ன கேபிள் போட்டிருக்கிறாய்?" என்றார் மற்றவர். முதல் நண்பருக்கு மலை என்பது காலண்டர் படம். இரண்டாம் நண்பருக்கு சங்கீதம் என்பது கடையில் வாங்கிய சாமானின் தரச் சான்றிதழ். இருவருமே நான் என்ன கேட்கிறேன் என்று கேட்கவில்லை.

நம் விமர்சனத்தில் உருவம், உள்ளடக்கம் என்று எவ்வளவோ பேசியாகிவிட்டது. ஒரு குரலுக்கும் நம் காதுக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பது எது, அதற்கு என்ன பொறுப்பு என்று பேசியது குறைவு. யந்திரத்தை நாம் ஒன்று கும்பிடுகிறோம், அல்லது அதன் பக்கமே திரும்பாமல் இருந்துவிடுகிறோம். இரண்டும் யோசிக்காமல் இருப்பதற்கான வழிகள்தாம்.

2

பெட்டி என்ன செய்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். குறுந்தகடு 1982ல் விற்பனைக்கு வந்தபோது ஸோனியும் ஃபிலிப்ஸும் சேர்ந்து வகுத்திருந்த கணக்கு இது: ஒலி அலையின் உயரத்தை வினாடிக்கு 44,100 தடவை அளக்க வேண்டும், ஒவ்வொரு அளவையும் 16 பிட்டில், அதாவது 65,536 படிகளில் ஒன்றாக, குறிக்க வேண்டும். இதைக் கேட்டதும் படித்தவர்கள் மனதில் ஒரு சித்திரம் எழுகிறது. வழவழப்பான அலையை யந்திரம் படிக்கட்டாக வெட்டிவிட்டது. இரண்டு படிகளுக்கு நடுவே இருந்த ஏதோ ஒன்று, 'ஜீவன்' என்று சொல்வதற்கு வசதியான அது, என்றைக்குமாகப் போய்விட்டது. எனக்கும் இந்தச் சித்திரம் பிடித்திருந்தது. எண்ணுக்குள் அடங்காதது ஒன்று உண்டு என்று நம்புவது இலக்கியக்காரனுக்கு இதமான விஷயம்.

சித்திரம் தவறு. 1928ல் நைக்விஸ்ட், 1933ல் ரஷ்யாவில் கோதெல்னிகோவ், 1949ல் ஷானன் என்று பல கைகள் சேர்ந்து நிலைநாட்டிய தேற்றம் வேறொன்று சொல்கிறது. ஓர் அலையில் குறிப்பிட்ட ஓர் அதிர்வெண்ணுக்கு மேல் ஒன்றும் இல்லையென்றால், அந்த அதிர்வெண்ணைப் போல் இரண்டு மடங்குக்கு மேற்பட்ட வேகத்தில் அதை அளந்துவிட்டால், அளவுகளிலிருந்து முழு அலையையும் மீட்டுவிடலாம். ஏறக்குறைய மீட்பது என்று அர்த்தமில்லை, முழுவதுமாகவே. இரண்டு புள்ளிகளுக்கு நடுவே அலை எப்படிப் போயிருக்கும் என்பதற்கு அந்த நிபந்தனைக்குள் ஒரே ஒரு விடைதான் இருக்க முடியும். மனிதக் காதின் எல்லை சுமார் 20 கிலோ ஹெர்ட்ஸ். வயது ஏற ஏற அதுவும் இறங்கும். அதற்கு 44,100 போதும். மாற்றிக்குள் இருக்கும் வடிகட்டி படிக்கட்டைக் கரைத்து அந்த ஒரே விடையைத் திரும்ப வரைகிறது. படிக்கட்டு காகிதத்தில்தான் உண்டு; பெட்டியிலிருந்து வெளியே வரும் கம்பியில் இல்லை.

வங்கிக் கவுண்டரில் உட்காருகிறவனுக்கு இது எளிதில் புரியும். காசோலையில் எழுத்தாலும் எண்ணாலும் என்ன எழுதியிருக்கிறதோ அதைக் காசாளன் எண்ணிக் கொடுக்கிறான். கொடுத்தவர் நல்லவரா, வாங்குகிறவர் எதற்காகச் செலவழிக்கப் போகிறார் என்பது அவன் கணக்கில் வராது. ஒழுங்காகச் செய்யப்பட்ட மாற்றி அப்படிப்பட்ட காசாளன். என் வீட்டில் உள்ள பொருள்களில் அதைவிட நேர்மையானது வேறு எதுவும் இல்லை.

3

அப்படியென்றால் 'உச்சமான ஒலி'க்கு நாம் செய்ய வேண்டியது என்ன? காசாளனைத் தொந்தரவு செய்யாமல் இருப்பது. அந்த மழைக்காலத்தில் நான் கற்றது இவ்வளவுதான், சுருக்கமாகச் சொல்லிவிடலாம்.

பதிவு 44.1ல் இருந்து, கணினி அதைத் தன் சௌகரியத்துக்கு 48ஆக மாற்றி அனுப்பிக்கொண்டிருந்தால், நடுவில் ஒரு மொழிபெயர்ப்பு நடக்கிறது என்று அர்த்தம். மூலம் எதுவோ அதே வேகத்தில் அனுப்பும்படி கணினியை அமைக்க வேண்டும். ஒலி அளவைக் கணினியில் 16 பிட்டில் மிகவும் குறைத்துவிட்டு பெருக்கியில் ஏற்றினால் கீழ்ப் படிகள் வீணாகின்றன. பெட்டி 24 பிட்டில் வாங்கினால் படிகள் 16,777,216, இரண்டு மூன்று டெஸிபல் குறைப்பதால் நஷ்டம் இல்லை. லாபம்கூட உண்டு. இக்காலத்துப் பதிவுகள் சத்தத்தின் உச்சியை முட்டும்படி செய்யப்படுவதால், மீட்கப்படும் அலை இரண்டு அளவுகளுக்கு நடுவே உச்சியைத் தாண்டித் தலை தட்டுகிறது. கொஞ்சம் இடம் விட்டால் தட்டாது. எண்கள் எப்போது வர வேண்டும் என்பதைக் கணினியின் கடிகாரம் நிர்ணயிக்காமல் பெட்டியின் கடிகாரமே நிர்ணயிக்கும்படியான யு.எஸ்.பி. முறை இப்போது சகஜம். அது இருந்தால் காலத் தடுமாற்றத்தைப் பற்றி உறக்கம் கெட வேண்டியதில்லை. தலைக்கேட்பியின் மின்தடையில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் பெட்டியின் வெளியீட்டுத் தடை போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

என் வீட்டில் ஒரு தொடர்ந்த உறுமல் இருந்தது. 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும். பெட்டியைச் சந்தேகித்து ஒரு வாரம் திட்டினேன். காற்றடித்துக் கரண்டு போன ஓர் இரவில் கணினி பாட்டரியில் ஓடியது, உறுமல் இல்லை. பழைய வீட்டின் எர்த் சரியில்லை. ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளில் தரையைத் தேடிய மின்சாரம்தான் உறுமியிருக்கிறது. அன்றிலிருந்து கேட்கும்போது சார்ஜரைப் பிடுங்கிவிடுகிறேன். ஒலிபெருக்கிகளைச் சுவரிலிருந்து இரண்டடி முன்னால் நகர்த்தி, எதிர்ச் சுவரில் குளிருக்கு வாங்கிய கம்பளியைத் தொங்கவிட்டேன். அறை வாயை மூடிக்கொண்டது. இந்தக் கம்பளி செய்த உபகாரத்தை எந்த விலை உயர்ந்த பெட்டியும் எனக்குச் செய்திருக்காது.

இதற்கு மேல் பெட்டியின் பக்கம் செய்வதற்கு ஒன்றும் இல்லை. பாக்கி இருப்பது என் பக்கம்.

4

கேபிளைக் கேட்ட நண்பர் ஒரு தடவை மலை ஏறி வந்தார். எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் தலை சுற்றி இறங்கியவர், தண்ணீர்கூடக் குடிக்காமல் பையிலிருந்து ஒரு கேபிளை எடுத்தார். என் ஒரு மாதச் சம்பளத்தில் பாதி அதன் விலை. மாட்டிக் கேட்டோம். வீணையின் நாதம் விரிந்தது, குரலைச் சுற்றிக் காற்று வந்தது, மிருதங்கத்தின் தொப்பிக்கு ஆழம் கிடைத்தது. இவற்றை நான் கேட்டேன். பொய் சொல்லவில்லை, நிஜமாகவே கேட்டேன். பிறகு பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டு, எங்களுக்குக் காட்டாமல் கேபிளை மாற்றி மாற்றிப் போடச் சொன்னோம். இருபது தடவை. என் விடைகளில் பதினொன்று சரி, நண்பருடையதில் ஒன்பது. நாணயம் சுண்டியிருந்தாலும் இதே கதிதான். பையன் சிரிப்பை அடக்கிக்கொண்டு போனான்.

எங்கள் தோல்வியில் புதுமை ஒன்றும் இல்லை. 2007ல் அமெரிக்காவில் மேயர், மொரான் என்ற இருவர் இப்படி ஒரு சோதனையை வெளியிட்டார்கள். உயர்தரப் பதிவு ஒரு பக்கம். அதையே குறுந்தகட்டின் 16 பிட், 44.1 வழியாகச் செலுத்தியது மறு பக்கம். 554 தடவை கேட்டதில் 276 தடவை சரியான விடை. 49.8 சதவிகிதம். 2016ல் ரெய்ஸ் என்பவர் பதினெட்டு ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டபோது 52.3 வந்தது, பயிற்சி பெற்ற காதுகளுக்கு இன்னும் கணிசமாக மேல். ஆக, வித்தியாசம் என்று ஒன்று இருந்தால் அது மயிரிழை. இரண்டில் ஒன்று மிகச் சிறிது சத்தமாக இருந்தால் போதும், அதைக் காது 'மேலானது' என்று தீர்மானித்துவிடும். சத்தம் என்று தெரியாது. தெளிவு என்றுதான் படும்.

இதைப் படித்துச் சிரிப்பதற்கு முன் நம் சின்ன வட்டத்தை நினைத்துக்கொள்ள வேண்டும். கையெழுத்துப் பிரதியில் பெயரை மறைத்துவிட்டுக் கொடுத்தால் நம்மில் எத்தனை பேர் இருபதுக்குப் பதினொன்றைத் தாண்டுவோம்? ஒரு கவிதையில் 'இறுக்கம்' இருக்கிறது என்று நாம் சொல்லும்போது கேட்டது கவிதையையா, அட்டையில் இருந்த பெயரையா? கொஞ்சம் உரக்கச் சொல்லப்பட்டதை 'ஆழம்' என்று எத்தனை முறை எழுதியிருக்கிறோம்? நான் எழுதியிருக்கிறேன். விலாசம் சொல்ல மாட்டேன்.

இன்னொரு பழைய சோதனை இதைவிடக் கலங்கச் செய்வது. 1915லிருந்து பத்து வருஷங்கள் எடிஸன் கம்பெனி ஊர் ஊராக ஒரு காட்சி நடத்தியது. மேடையில் பாடகி பாடுவார், பக்கத்தில் கிராமஃபோன். விளக்கு அணையும். திரும்ப எரியும்போது பாடகி இருக்க மாட்டார், தட்டு பாடிக்கொண்டிருக்கும். எப்போது மாறியது என்று தெரியவில்லை என்று ஜனங்கள் கைதட்டினார்கள். எந்த ஊசி அவ்வளவு விசுவாசமாக இருந்தது? பாடகிகளில் ஒருவரான அன்னா கேஸ் பின்னாளில் விஷயத்தைச் சொல்லிவிட்டார். யந்திரத்தின் குரலுக்கு ஏற்றபடி தன் குரலை அவர் அடக்கிக்கொண்டாராம். பிரதி மூலத்தைப் போல இருந்தது என்று ஊர் நம்பியது. மூலம் பிரதியைப் போலப் பாடியிருக்கிறது.

5

இங்கேதான் 'விசுவாசம்' என்ற வார்த்தையின் மேல் எனக்குச் சந்தேகம் வருகிறது. இந்த வியாபாரத்தில் எல்லோரும் உபயோகிக்கும் வார்த்தை அது: மூலத்துக்கு விசுவாசமான ஒலி. துரோகம் செய்ய முடியாத ஒன்றை விசுவாசமானது என்று சொல்வதில் என்ன அர்த்தம் இருக்கிறது? கல் கீழே விழுகிறது. புவியீர்ப்புக்கு அது விசுவாசமாக இருக்கிறது என்று நாம் புகழ்வதில்லை. மாற்றியும் அப்படியே. வேறு எதையும் கொடுக்க அதற்கு வழி இல்லை. அதன் நேர்மை ஒரு குணம், புண்ணியம் இல்லை. தேர்ந்தெடுக்க முடிகிற இடத்தில்தான் விசுவாசம் என்ற பேச்சுக்கே இடம்.

கொல்லிமலையோடு தொடர்புள்ள ஓர் உதாரணம். வல்வில் ஓரியை வன்பரணர் பாடிய பாட்டுகள் புறநானூற்றில் இருக்கின்றன. ஏடுகளிலிருந்து அதை உ.வே. சாமிநாதையர் 1894ல் அச்சுக்குக் கொண்டுவந்தார். பூச்சி அரித்த இடங்கள், ஒடிந்த ஏடுகள், பிரதிக்குப் பிரதி மாறும் சொற்கள். 267, 268 இரண்டு பாட்டுகளும் கிடைக்கவே இல்லை. இடைவெளிகளில் யாப்புக்கும் பொருளுக்கும் பொருந்தும்படி சொற்களைப் போட்டு நிரப்ப அவரால் முடிந்திருக்கும். அந்தப் புலமை அவருக்கு இருந்தது. நிரப்பியிருந்தால் நமக்குத் தெரிந்திருக்கவும் போவதில்லை. அவர் புள்ளிகளை வைத்தார். பாடபேதங்களைக் கொடுத்தார். இதை நான் விசுவாசம் என்று சொல்வேன், ஏனென்றால் துரோகத்துக்கு வேண்டிய சகல தகுதியும் அவரிடம் இருந்தது.

பதிவுகளின் உலகத்தில் இதே சோதனை வீணை தனம்மாளின் தட்டுகளைத் தொடுகிறவனுக்கு ஏற்படுகிறது. தனம்மாள் 1867ல் பிறந்து 1938ல் மறைந்தவர். வெள்ளிக்கிழமை மாலைகளில் ஜார்ஜ் டவுன் வீட்டில் அவர் வாசிப்பைக் கேட்கப் போனவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள் என்று படிக்கிறோம். அவ்வளவு மென்மையான நாதம். கடைசி வருஷங்களில் கொலம்பியா கம்பெனிக்காக அவர் கொடுத்த தட்டுகள் சிலதான் நமக்கு மிச்சம். ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிஷம். ஊசி உராயும் இரைச்சல் மழையாகப் பெய்துகொண்டிருக்கும், அதற்குப் பின்னால் எங்கோ வீணை. டிஜிட்டலுக்கு மாற்றுகிறவர் மேல் அதிர்வுகளை வெட்டினால் இரைச்சல் போகும். நரம்பில் விரல் படும் அந்தச் சன்னமான சப்தமும் கூடவே போகும். வெட்டாவிட்டால் பத்தில் ஒன்பது பேர் கேட்கவே மாட்டார்கள். என் பெட்டி இரண்டில் எதைக் கொடுத்தாலும் அதே நேர்மையோடு வாசிக்கும். தீர்மானம் அதற்கு முன்பே எங்கோ ஒரு மனிதனின் விரல் நுனியில் முடிந்துவிட்டது.

இரைச்சல் உண்மைக்கு விரோதி என்பதே சரியில்லை. எண் ஒலியின் கணக்கிலேயே இதற்குச் சாட்சியம் உண்டு. 16 பிட்டின் மிகச் சிறிய படியைவிட மெல்லிய சப்தம் ஒன்று வந்தால் அது ஒன்று மறைந்துபோகும், இல்லாவிட்டால் கோரமாக உடையும். அளப்பதற்கு முன்னால் அதோடு கொஞ்சம் ஒழுங்கற்ற இரைச்சலைக் கலந்துவிட்டால் படிக்குக் கீழே இருந்த சப்தமும், இரைச்சலுக்கு நடுவே, உடையாமல் கேட்கிறது. டிதர் என்று பெயர். வாண்டர்கூய், லிப்ஷிட்ஸ் இருவரும் 1984ல் இதைத் தெளிவாக விளக்கி எழுதினார்கள். துல்லியத்தின் பெயரால் இரைச்சலைத் துடைத்தெறிகிறவன் அந்த மெல்லிய சப்தத்தையும் சேர்த்தே எறிகிறான். இதைப் படித்தபோது மிகவும் சந்தோஷப்பட்டேன். ஒரு கட்டுரைக்கு உபயோகமாகும் என்று குறித்தும் வைத்தேன். தெரிந்திருப்பது வேறு, நடந்துகொள்வது வேறு.

6

முதியோர் உதவித்தொகை வாங்க வங்கிக்கு வரும் ஒரு கிழவி. ஊரில் எல்லோருக்கும் ஆயா, எனக்கும் ஆயாதான். சாமை விதைக்கும்போது பாடுகிற பாட்டு ஒன்று அவருக்குத் தெரியும், முழுவதும் தெரிந்தவர் இப்போது அவர் ஒருவர்தான் என்றார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கைப்பேசியில் பதிவு செய்தேன். பதினோரு நிமிஷம். தகரத்தின் மேல் மழை பெய்துகொண்டிருந்தது. உள்ளே யாரோ அடுப்பு ஊதினார்கள். நடுவில் ஒரு சேவல். ஆயாவுக்கு இளைப்பு; ஒவ்வொரு அடிக்கும் நின்று மூச்சு வாங்கித்தான் அடுத்த அடிக்குப் போனார். பாடி முடித்ததும், "இதக் கொண்டுபோயி எங்க தம்பி வெப்ப?" என்று கேட்டார். பத்திரமாக வைப்பேன் என்றேன்.

அன்று ராத்திரி பெட்டி வழியாகப் போட்டுக் கேட்டேன். சார்ஜர் பிடுங்கியிருந்தது, கம்பளி தொங்கியது, வேகம் பொருந்தியிருந்தது, எல்லாம் சரி. மழைதான் கேட்டது. இவ்வளவு தயார் செய்து வைத்த இடத்தில் இப்படி ஒரு பதிவா என்று எனக்கு அவமானமாக இருந்தது. நண்பர்களுக்குப் போட்டுக் காட்ட வேண்டும் என்ற நினைப்பும் இருந்தது, மறைப்பானேன். இரைச்சல் நீக்கும் மென்பொருள் ஒன்று இருந்தது. பேச்சில்லாத ஓர் இடத்தை அதற்குக் காட்டினால், 'இதுதான் இரைச்சல்' என்று கற்றுக்கொண்டு, பதிவு முழுவதிலிருந்தும் அதைக் கழித்துவிடும். பாடாத இடங்கள் எவை? ஆயா மூச்சு வாங்கிய இடங்கள். அவற்றில் ஒன்றைக் காட்டினேன். மழை போயிற்று. அடுப்பு போயிற்று. சேவலைத் தனியாக வெட்டினேன். இரண்டு அடிகளுக்கு நடுவே மிச்சமிருந்த முனகலையும் ஊமையாக்கினேன். சுத்தமான நிசப்தத்திலிருந்து ஒரு குரல் எழுந்து சுத்தமான நிசப்தத்தில் அடங்கியது. மிகவும் அழகாக இருந்தது. அதே பெயரில் சேமித்தேன். கைப்பேசியில் இடம் போதவில்லை என்று அங்கிருந்ததையும் அழித்தேன்.

மார்கழிக் குளிரில் ஆயா இறந்துபோனார். காரியங்கள் முடிந்து சில நாள் கழித்து, நாமக்கல்லில் படிக்கும் பேரன் வந்தான். "ஆயா பாட்டு உங்ககிட்ட இருக்குதாமே சார்." தலைக்கேட்பியை அவன் காதில் மாட்டி, பெட்டியின் விளக்கு எரிவதைப் பார்த்துக்கொண்டு, கொஞ்சம் பெருமையோடுதான் காத்திருந்தேன். பதினோரு நிமிஷமும் கேட்டான். கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "நல்லா இருக்குதுங்க சார்" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "இதுல ஆயா மூச்சே விடலீங்களே" என்றான்.

அவன் குற்றம் சாட்டவில்லை. ஆச்சரியப்பட்டான், அவ்வளவுதான். மழையோடு இருந்தது எங்கே என்று கேட்டான். இல்லை என்றேன்.

7

எந்தப் பதிவிலும் தேர்வு இருக்கத்தானே செய்கிறது என்று எனக்கு நானே வாதாடிப் பார்த்தேன். கைப்பேசியைத் திண்ணையில் வைத்ததே ஒரு தேர்வுதான். முற்றத்தில் வைத்திருந்தால் வேறொரு மழை கேட்டிருக்கும். சுத்தமான, தேர்வே கலக்காத மூலம் என்று எங்கும் இல்லை. இந்த வாதத்தை நம் பத்திரிகைகளில் நாம் நன்றாகவே நடத்துவோம். மூலம் என்பதே கிடையாது, எல்லாம் வாசிப்புதான் என்று முடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். எனக்குத் தூக்கம் வரவில்லை. வங்கியில் சேர்ந்த முதல் வாரத்தில் சொல்லிக்கொடுத்த ஒரு விதி இந்த வாதத்தைத் திரும்பத் திரும்ப உடைத்தது. பேரேட்டில் தப்பு எழுதிவிட்டால் சுரண்டக் கூடாது, மேலேயே திருத்தி எழுதக் கூடாது. குறுக்கே ஒரு கோடு போட்டு, சரியானதை மேலே எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் வைக்க வேண்டும். அடித்ததும் படிக்கும்படி இருக்க வேண்டும். திருத்துவதற்கு எல்லோருக்கும் உரிமை உண்டு. திருத்தியதை மறைப்பதற்கு இல்லை. சாமிநாதையரின் புள்ளிகளும் இந்தச் சுருக்கொப்பமும் ஒரே ஜாதி என்று எனக்குப் படுகிறது. சில நூறு ரூபாய்க் கணக்குக்கு நான் கொடுத்த மரியாதையை ஆயாவின் மூச்சுக்குக் கொடுக்கவில்லை.

ஆக, என் முதல் கேள்விக்கு வருகிறேன். நல்ல ஒலிக்கு ஆசைப்படுவது ஒழுக்கம் சார்ந்த விஷயமா? ஒருவரைக் கவனித்துக் கேட்பதற்கு இடைஞ்சலாக இருப்பதை அகற்றும் வரையில் அது கவனத்தின் ஒரு பகுதி. எர்த்தைச் சரி பார்ப்பதும் கம்பளியைத் தொங்கவிடுவதும் அந்த ரகம். கேட்கப்படுகிறவரே இடைஞ்சல் என்று தோன்ற ஆரம்பிக்கும் இடத்தில் அது வேறொன்றாகிவிடுகிறது. அந்த இடத்துக்கு நான் ஒரே ராத்திரியில் போய்ச் சேர்ந்தேன், வழியில் எங்கும் குற்ற உணர்வு தட்டவில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் ஒலி மேம்பட்டுக்கொண்டுதான் வந்தது. இந்த வகைத் தவறுக்கு இதுதான் அடையாளம் போலும்: செய்கிறவனுக்கு அது அபிவிருத்தியாகத் தெரிகிறது. விமர்சகனாக நான் எடுத்துக்காட்டிய மேற்கோள்களில் எத்தனை கவிதைகளின் மூச்சை இப்படி வெட்டியிருக்கிறேனோ. அவற்றுக்காவது மூலம் அச்சில் இருக்கிறது.

இந்த மலையில் பூதம் செய்து வைத்ததாகச் சொல்லப்படும் பாவையைப் பற்றி நற்றிணையில் பாட்டுகள் இருக்கின்றன. காற்றும் மழையும் இடியும் தாக்கினாலும் அதன் வடிவு கெடாது என்பது அவற்றில் ஒன்றின் பொருள். எண்ணாக்கப்பட்ட ஒலியும் நமக்கு இதையேதான் வாக்களித்தது: தேயாது, கீறல் விழாது, ஆயிரம் தடவை நகல் எடுத்தாலும் முதல் பிரதியாகவே இருக்கும். வாக்குப் பொய்யாகவில்லை. ஆயாவின் பாட்டில் இனி ஒரு பிட்கூடக் கெடப்போவதில்லை. மழை கெடுக்க வேண்டியதில்லை, மழையை நான் எடுத்துவிட்டேன்.

பேரனுக்கு ஒரு பிரதி கொடுத்தேன். கோப்பின் பெயரோடு, 'மழை, அடுப்பு, சேவல், மூச்சு நீக்கப்பட்டது' என்று எழுதி, தேதியும் என் சுருக்கொப்பமும் சேர்த்தேன். தாமதமான கோடு, அடித்ததைப் படிக்க முடியாத கோடு. வேறு வழி தெரியவில்லை. சில இரவுகளில் அதைப் போட்டுக் கேட்கிறேன். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, அளவை மூன்று டெஸிபல் குறைத்துவிட்டு, எல்லாவற்றையும் சரி பார்த்துவிட்டுத்தான். பெட்டியிடம் எந்தக் குறையும் இல்லை. நான் செய்ததை அது அப்படியே சொல்கிறது.